ஈடுசெய்தலும் சீர்செய்தலும்

கடமை தவறும் மனிதனை அடையாளங் காணுதல் எளிது. அவன் செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கிறான். உலகம் அவனைச் சுட்டிக் காட்டுகிறது. ஆனால், நாள்தோறும் ஏதோ ஒன்றைச் சலிப்பின்றிச் செய்துகொண்டே, செய்ய வேண்டியதை மட்டும் தள்ளிவைக்கின்ற மனிதனை அடையாளங் காணுதல் அரிது. அவனைப் பிறர் அறியார். பல வேளைகளில் அவனே தன்னை அறியான். உழைத்த களைப்பே கடமையை முடித்துவிட்ட நிறைவை அவனுக்குத் தந்துவிடுகிறது. அத்தகைய மனிதனாக நான் பல ஆண்டுகள் இருந்தேன். அதை எனக்கு உணர்த்தியது நீதிநூல் அன்று. என் பழைய மகிழுந்தின் அடியிலிருந்து சொட்டிய கறுப்பு எண்ணெய்.

1996ஆம் ஆண்டில் நான் வாங்கிய அம்மகிழுந்துக்கு 2014ஆம் ஆண்டில் 18 வயது நிறைந்திருந்தது. அதன் எஞ்சினிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கி ஏறத்தாழ ஈராண்டுகள் ஆகியிருந்தன. ஞாயிறுதோறும் காலையில் முன்மூடியைத் திறப்பேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்ப்பேன். கம்பியின் நுனியில் மேற்குறி, கீழ்க்குறி என இரண்டு உண்டு. என் வண்டி போன்ற சிறு வண்டிகளில் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு சுமார் ஒரு லிட்டர். எண்ணெய் கீழ்க்குறியை நெருங்கியிருந்தால் அரை லிட்டர் ஊற்றுவேன். கையைக் கழுவிக்கொண்டு காலையுணவுக்கு அமர்வேன். வண்டியைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுபவன் என்னும் பெயர் என் வீட்டில் எனக்கு இருந்தது. அப்பெயரை நானும் நம்பினேன்.

பள்ளியின் முன்புறத்தில் நான் வண்டியை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் பலர் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும் பாதையும் அதுவே. ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகப் பள்ளிக்குச் சென்றேன். எங்கள் பள்ளித் தோட்டக்காரர் ஒரு வாளி மரத்தூளைக் கொணர்ந்து, என் வண்டி நிற்கும் இடத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறைமீது தூவிக் கொண்டிருந்தார். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "மழை தூறினால் இந்த இடம் வழுக்குகிறது ஐயா. பிள்ளைகளை ஏற்றி வருகிறவர்கள் விழுந்துவிடக் கூடாதே" என்றார். எவ்வளவு நாளாக இதைச் செய்கிறார் என்று வினவினேன். அவர் தயங்கி, "போன வருடத்திலிருந்து" என்றார்.

அச்சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆயினும், அன்று முழுவதும் அது என்னை விட்டு நீங்கவில்லை. ஞாயிறுதோறும் நான் ஊற்றிய எண்ணெய்க்குரிய பணத்தை நானே கொடுத்தேன் என்பது மெய்தான். அதன் மறுபாதி விலையை ஓராண்டாகக் கொடுத்து வந்தவர் அத்தோட்டக்காரர் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒரு குறையைத் தீர்க்காமல் ஈடுசெய்துகொண்டே போகின்றவன், அக்குறையின் சுமையைத் தன் கண்ணுக்குத் தெரியாத எவரோ ஒருவர் தோளில் ஏற்றிவிடுகிறான். இந்த உண்மையே இக்கட்டுரையின் தொடக்கம்.

அதற்கு முன்னரே ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டியிருந்தேன். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டுவதைக் கண்ட அவர்கள், எஞ்சினின் சுழல்தண்டுக்குப் பின்புறம் உள்ள ரப்பர் முத்திரை வளையம் தேய்ந்துவிட்டது என்றனர். அவ்வளையத்தின் விலை சிறிது. ஆனால், அதனை அடைவதற்குக் கியர்ப்பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். கூலி, வண்டியின் அன்றைய மதிப்பில் ஒரு பெரும் பங்காக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அந்தப் பெருந்தொகையைக் கேட்டபோது எனக்கு ஒரு மறைவான ஆறுதலே உண்டாயிற்று. தீர்க்க முடியாத குறை என்று ஆகிவிட்டால், தீர்க்காதிருப்பது குற்றமாகாதன்றோ?

மரத்தூள் வாளியைக் கண்ட பிறகு வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். பின்புற வளையம்தானே காரணம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்து, "எண்ணெய் விழுகிற இடத்தை நீங்கள் காட்டுகிறீர்கள் ஐயா. அது புறப்படுகிற இடத்தை நாம் இனிமேல்தான் தேட வேண்டும். முதலில் கழுவுவோம்" என்றார்.

நோய் கண்டறிதலின் முதற்படி கழுவுதல் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஈராண்டுகளாகக் கசிந்த எண்ணெயும் சாலைப் புழுதியும் கலந்து எஞ்சினின் கீழ்ப்பாகம் முழுவதும் கரும்பசையாக இறுகியிருந்தது. எல்லாமே நனைந்திருக்கும்போது எது மூலம், எது வழி என்று எவ்வாறு பிரித்தறிவது? அழுக்கைக் கரைக்கும் திரவத்தைப் பூசி, தேய்த்து, துடைத்து, காயவிட்டார். பிறகு அவர் எனக்கு விளக்கியது இது: எண்ணெய் தான் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. தன் எடையால் கீழ்நோக்கி வழிகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வழியில் உள்ள விளிம்புகளையும் திருகாணிகளையும் பற்றிக்கொண்டு ஊர்ந்து, தாழ்ந்ததொரு மூலையில் திரண்டு, அங்கிருந்து சொட்டுகிறது. ஆகவே, சொட்டும் இடத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுபவன் பெரும்பாலும் பிழைபடுவான். நனைந்த பகுதிகளுள் மிக உயரத்தில் இருப்பது எது என்று மேல்நோக்கித் தேடிச் செல்ல வேண்டும்.

காய்ந்த எஞ்சினின் பக்கங்களில் அவர் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவினார். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவரச் சொன்னார். மறுநாட் காலையில் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, வெண்பொடியின்மீது மெல்லிய கருங்கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது எஞ்சினின் உச்சியில், வால்வுகளை மூடியிருக்கும் மேல்மூடியின் பின்மூலையில் தொடங்கி, முழு உடலையும் கடந்து, கியர்ப்பெட்டி சேரும் இடம்வரை இறங்கியிருந்தது. பழி சுமந்தது அடியில் இருந்த வளையம்; கசிவின் பெரும்பகுதி பிறந்ததோ தலையில் இருந்த மூடியில்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து என்பதில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசையை வகுத்திருப்பதை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். நோய் இன்னதென அறிதல், அதன் முதற்காரணத்தை அறிதல், அது தணியும் வழியை அறிதல், அதன்பின்னரே பொருந்துமாறு செயற்படுதல் என்பது அவ்வரிசை. செயல் இறுதியில் நிற்கின்றது என்பதை நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையிலோ அது முதலில் நின்றது. நோயைக் கண்டேன், உடனே எண்ணெயை ஊற்றினேன். இடையில் இருந்த இரண்டு படிகளையும் தாண்டிவிட்டேன்.

மேல்மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைப் பெரியவர் கழற்றி என் கையில் கொடுத்தார். புதிதாக இருந்தபோது வளைந்து கொடுத்த அது, பல்லாண்டு வெப்பத்தால் இறுகிப்போய், வளைத்தவுடன் ஒடிந்தது. புதிய அடைப்பு பொருத்தப்பட்டது. நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். கதை இத்துடன் முடிந்திருந்தால் அதில் பாதிப் பாடமே இருந்திருக்கும்.

மூன்று வாரத்தில் அதே மூலையில் மீண்டும் ஈரம் கண்டது. எனக்குச் சினம் மூண்டது. திருகாணிகள் தளர்ந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, திருகியை எடுத்து என் வலிமை முழுவதும் கூட்டி இறுக்கினேன். கசிவு குறையவில்லை, மிகுந்தது. மீண்டும் பட்டறைக்குச் சென்றபோது, பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மூடியின் திருகாணிகளுக்கு இவ்வளவு இறுக்கம்தான் என்று ஒரு கணக்கு உண்டு ஐயா, அதுவும் மிகக் குறைவான கணக்கு. அதற்குமேல் இறுக்கினால் ரப்பர் நசுங்கி ஓரத்தில் பிதுங்கும், மூடியும் கோணும்" என்றார். பின்னர், மூடியில் செருகியிருந்த விரலளவான சிறு வால்வு ஒன்றைப் பிடுங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஓசையே இல்லை. நல்ல வால்வாக இருந்தால் உள்ளிருக்கும் சிறு உறுப்பு அசைந்து கலகலக்குமாம். அது எண்ணெய்க் கசடால் அடைபட்டுக் கிடந்தது.

அதன் பணியை அவர் விளக்கினார். எஞ்சினில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எப்போதும் கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். வண்டி மூப்படைய மூப்படைய அது மிகும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். அதனை உறிஞ்சி மீண்டும் எரியும் இடத்திற்கே அனுப்புவது அந்த வால்வு. 1960களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காற்று மாசினைக் குறைப்பதற்காக வற்புறுத்தப்பட்டுப் பின்னர் எங்கும் பரவிய ஏற்பாடு இது. அவ்வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் பெருகும்; பெருகிய அழுத்தம் எந்த அடைப்பு வலுவற்றதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். மூச்சுவிட முடியாத எஞ்சினுக்கு எத்தனை புதிய அடைப்புப் போட்டாலும் பயனில்லை. நான் மேலும் மேலும் இறுக்கியது, மூச்சுத் திணறுபவனின் சட்டைப் பொத்தானை இன்னும் இறுகப் பூட்டியதற்கு ஒப்பாகும். சில பத்து வெள்ளி விலையுள்ள புதிய வால்வும், மற்றுமோர் அடைப்பும், அளவான இறுக்கமும் சேர்ந்து அக்கசிவை நிறுத்தின.

இனி, நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

அக்காலத்தில் எங்கள் நாட்டின் தொடக்கப் பள்ளிகள் அனைத்தும் ஒரே ஒரு தேர்வை நோக்கி ஓடின. 1988ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதி வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வே அது. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுள் சிலர் வாசிக்கவே தடுமாறினர். அதற்கு நான் செய்தவை யாவை? பிற்பகல் வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை முகாம், கடந்த ஆண்டுத் தேர்வுத்தாள்களின் பயிற்சி. பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியையை ஆறாம் ஆண்டிலேயே நிறுத்தி வைத்தேன். நான் ஓயாது உழைத்தேன். அவரும் ஓயாது உழைத்தார். பெற்றோர் எங்களைப் பாராட்டினர். அது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதே 2014ஆம் ஆண்டின் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது, பிற்பகல் வகுப்பில் ஒரு மாணவன் அருகில் அமர்ந்து, பத்தி ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். அவனால் இயலவில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டுபிடித்து, அதனை அடுத்த வரியைப் பார்த்து எழுதியே அவன் இதுவரை மதிப்பெண் பெற்றிருக்கிறான். "எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டேன். தலைகுனிந்தவாறே, "ஒன்றாம் ஆண்டிலிருந்தே ஐயா. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன்" என்றான்.

அன்று மாலை பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அவன் முதலாம் ஆண்டில் பயின்ற 2009ஆம் ஆண்டில், அவ்வகுப்பு ஒரு தற்காலிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது; ஆண்டு முடிவதற்குள் மும்முறை ஆசிரியர் மாறியிருந்தனர். அந்த வகுப்புப் பங்கீட்டின் கீழே இருந்தது என் கையொப்பம். குறை ஆறாம் ஆண்டில் சொட்டியது. அதற்காக நான் நான்காம் ஆண்டு ஆசிரியரைக் கடிந்தேன், பெற்றோரைக் கடிந்தேன், தொலைக்காட்சியைக் கடிந்தேன். கருங்கோட்டைப் பின்பற்றி மேலே சென்றபோது, அது என் மேசையில் வந்து முடிந்தது.

2015ஆம் ஆண்டுக்குரிய பங்கீட்டில், ஆறாம் ஆண்டின் அந்தச் சிறந்த ஆசிரியையை முதலாம் ஆண்டுக்கு மாற்றினேன். செய்தி அறிந்து அவர் என் அறைக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "ஐயா, என்னிடம் என்ன குறை கண்டீர்கள்?" என்று கேட்டார். முதலாம் ஆண்டுக்கு அனுப்பப்படுவது தண்டனை என்று ஒரு நல்லாசிரியர் எண்ணும் நிலையை யார் உருவாக்கியது? நானேதான். "டீச்சர், குறை உங்களிடம் இல்லை. இத்தனை ஆண்டும் உங்களைத் தப்பான இடத்தில் நிறுத்தி வைத்தது என் குறை" என்றேன். அவர் உடனே சமாதானம் அடைந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும்.

அடைபட்ட வால்வின் பாடத்தையும் நான் மறக்கவில்லை. எங்கள் கூட்டங்களில் நான் கேட்டுவந்த வினா ஒன்றே ஒன்று: பாடத்திட்டம் முடிந்ததா? 'முடிந்தது' என்பதே எதிர்பார்க்கப்பட்ட விடை. 'என் வகுப்பில் ஐவருக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரவில்லை' என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கும் வழி இருக்கவில்லை. சொன்னால் அது அவர் திறமைக்குறைவாக எழுதப்படும். வாயசைத்த சிறுவனுக்கும் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல வழியில்லை. தெரியாமையை வெளியிட வழியில்லாத பள்ளியில் அழுத்தம் உள்ளேயே பெருகுகிறது. அது ஒரு நாள் மிகவும் மெலிந்த இடத்தை, அதாவது மிகவும் எளிய பிள்ளையை, உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அத்தகைய வேளையில் நம்மைப் போன்ற தலைமையாசிரியர்கள் செய்வது யாது? திருகாணியை இறுக்குகிறோம். ஆகவே, வெள்ளிதோறும் முதல் மூன்று ஆண்டு ஆசிரியர்கள் ஒன்றுகூடி, வாசிக்க இயலாத பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவது என்றும், அங்கே பேசப்படுவது எவருடைய மதிப்பீட்டிலும் ஏறாது என்றும் ஏற்பாடு செய்தேன்.

இவ்விடத்தில் ஈடுசெய்தலைப் பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. எண்ணெய் குறைந்த எஞ்சினைக் கசிவைக் கண்டுபிடிக்கும்வரை அப்படியே ஓட்டுவேன் என்பவன் எஞ்சினை அழிப்பான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குரிய கூடுதல் வகுப்புகளை நான் நிறுத்திவிடவில்லை. இன்று தாகத்தால் வாடுபவனிடம், மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வது அறமாகாது. ஈடுசெய்தல் இன்றைக்குரிய இரக்கம். சீர்செய்தல் நாளைக்குரிய நீதி. இரக்கத்தைக் காட்டி நீதியைத் தள்ளிவைப்பதே பிழை.

அதுபோல, எல்லாக் குறைகளையும் தீர்த்தே ஆகவேண்டும் என்பதும் அறிவுடைமை ஆகாது. என் வண்டியின் பின்புற வளையத்திலும் சிறிது வியர்த்தல் இருக்கத்தான் செய்தது. அது தரையில் சொட்டவில்லை. எவரையும் வழுக்கி விழச் செய்யவில்லை. அதைத் தீர்க்கக் கியர்ப்பெட்டியை இறக்குவது, பழுத்த கிழவருக்குப் பல்வரிசையை நேராக்க முயல்வது போன்றது. "இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் ஐயா" என்றார் பெரியவர். பார்த்துக்கொண்டிருத்தல் வேறு, பாராதிருத்தல் வேறு. மூலத்தை அறிந்து, அளவை அறிந்து, அதனால் எவர்க்குத் தீங்கு என்று எண்ணிப் பார்த்து, பின்னர் ஒரு குறையோடு வாழ உடன்படுவது பொறுமை. இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் வாழ்ந்துவிடுவது சோம்பல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளத்துக்கு மட்டுமே தெரியும்.

என் முடிவு சரியென்று காட்ட எண்ணிக்கை ஏதேனும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 2015ஆம் ஆண்டில் எங்கள் ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி முன்னைவிடக் குறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் 2020ஆம் ஆண்டில் தேர்வு எழுதும்போது உண்மை விளங்கும் என்று காத்திருந்தேன். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகத் தேர்வு நடைபெறவில்லை. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வே நீக்கப்பட்டது. எனக்குச் சான்றாக நிற்கக்கூடிய ஒரே அட்டவணை எழுதப்படாமலே போயிற்று. முதலில் வருந்தினேன். பிறகு, அதுவும் பொருத்தமே என்று எண்ணினேன். அப்பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, ஒவ்வொருவராக என் முன் நின்று தனித்து வாசித்ததை நான் கேட்டேன். 23 பேரில் 22 பேர் வாசித்தனர். எஞ்சிய ஒருவன் தனக்கு வரவில்லை என்று அஞ்சாமல் சொன்னான். அவனுக்குக் குறைநீக்கல் வகுப்பில் இடம் கொடுத்தோம். எனக்கு அது போதுமானதாயிற்று.

ஆனால், வாயசைத்த அந்த முதற் சிறுவனுக்கு நான் செய்ய முடிந்தது சில வார ஈடுசெய்தல் மட்டுமே. அவன் தேர்வில் தவறி, புகுமுக வகுப்புக்குச் சென்றான். அதன்பின் அவனைப் பற்றிய செய்தி எனக்கு எட்டவில்லை. எந்தச் சீர்திருத்தமும் பின்னோக்கிச் சென்று வேலை செய்வதில்லை. அவன் கணக்கில் நான் கடனாளியாகவே இருக்கிறேன்.

சீர்செய்தலுக்குப் புகழ் கிடைப்பது அரிது. எண்ணெய் ஊற்றுபவனை எல்லாரும் காண்கிறார்கள். கசியாத எஞ்சினை எவரும் காண்பதில்லை. வண்டி சீரான பின், பள்ளியின் முன்புறத்தில் இருந்த கறை வெயிலிலும் மழையிலும் மெல்ல மங்கி மறைந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் தோட்டக்காரர் அவ்வழியே சென்றார். கையில் நீர்த்தெளிப்பான் இருந்தது. மரத்தூள் வாளி இல்லை. அந்த இடத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் சென்றதைக் கண்டு நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.